காடு அழியாமல் மரம் வாங்குவது எப்படி? தொழில் நடத்துவோருக்கான கையேடு

காட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு நிறுவனம் நினைத்தால், முதலில் ஞாபகம் வருவது மரக்கன்று நடும் விழாதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மரச்சாமான் பட்டறை, கட்டுமான நிறுவனம், ஏற்றுமதி அலகு, சாயப்பட்டறை என எதுவானாலும் அது காட்டுக்குச் செய்யும் நன்மையும் கெடுதலும் கொள்முதல் பில்லில்தான் இருக்கின்றன. பில்லைச் சரிசெய்யாமல் கன்று நடுவது படம் எடுக்க மட்டுமே உதவும்.

தமிழ்நாட்டில் மரம் வாங்கும் சிறு, நடுத்தரத் தொழில்களை மனதில் வைத்து எழுதியது இது. வரும் ஒவ்வொரு லோடுக்கும் மூன்று கேள்விகள் உண்டு. என்ன மரம்? எந்த நிலத்தில் வெட்டியது? எவ்வளவு? தாளில் இருக்கும் பதிலும் யார்டில் கிடக்கும் மரம் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழ் இந்த வேலையைச் சுலபமாக்கும், ஆனால் உங்களுக்குப் பதிலாகச் செய்துவிடாது.

மரம் எந்த வழியாக உள்ளே வருகிறது

கடந்த 12 மாதக் கொள்முதலை டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எச்.எஸ்.என். எண் (பில்லில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) வாரியாக எடுங்கள். 4401 விறகு, 4403 உருட்டுக் கட்டை, 4407 அறுத்த மரம், 4408 வெனீர் (மெல்லிய மரத்தாள்), 4412 பிளைவுட், 4415 பேக்கிங் பெட்டியும் பேலட்டும், 4418 கதவு, ஜன்னல், நிலை. 48 என்று தொடங்குபவை காகிதமும் அட்டையும். மரச்சாமான் 94-இல் வரும்.

இதோடு பட்டியல் முடியாது. இன்டீரியர் ஒப்பந்தக்காரர் பில்லில் ‘உட்புற வேலை’ என்று ஒரே வரிதான் இருக்கும், அதற்குள் எத்தனை பிளைவுட் போயிருக்கிறது என்று கேட்டால்தான் தெரியும். சென்ட்ரிங் பலகை, முட்டுக்கு வைக்கும் சவுக்குக் கம்பு, கேன்டீன் விறகு எல்லாம் ரொக்கச் செலவில் ஒளிந்திருக்கும். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் விஸ்கோஸ், மோடல் நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவையும் மரக்கூழிலிருந்து வருபவைதான். வெளிநாட்டு பிராண்டுகள் இப்போது அதற்கும் மூலம் கேட்கின்றன.

பிறகு ஒரு தாளில் ஏழு பத்தி போடுங்கள்: பொருள், கடைப்பெயர், தாவரவியல் பெயர், வெட்டிய நாடு அல்லது மாவட்டம், அளவு, விற்றவர், அவருக்கு விற்றவர். முதல் தடவை போடும்போது மூன்றாவது, நான்காவது, ஏழாவது பத்திகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலி இடங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிரப்பப் போகாதீர்கள். பட்டா நிலத்தில் வளர்ந்த சவுக்கு, தைல மரம், மலைவேம்பு, மா, ரப்பர் ஆகியவற்றில் ஆபத்து குறைவு. ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியாவின் இயற்கைக் காடுகளிலிருந்து வரும் கடின மரம், பிளைவுட்டின் மேல்தாள், ஈட்டி, வேங்கை ஆகியவற்றில் ஆபத்து அதிகம். அளவில் சிறியதாக இருந்தாலும் இந்த இரண்டாவது வகையிலிருந்தே தொடங்குங்கள்.

கடைப்பெயர் போதாது

மரவாடியில் சொல்லும் பெயர் வியாபாரத்துக்கான பெயர். ‘மெராண்டி’ என்பது ஷோரியா பேரினத்தைச் சேர்ந்த பல இனங்களுக்குப் பொதுவான ஒரே பெயர். ‘கோங்கு’, ‘மலேசியா சால்’ என்று கேட்டு வாங்கும்போதும் கைக்கு வருவது எந்த இனம் என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. இனம் தெரியாவிட்டால் அது பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது.

‘பர்மா தேக்கு’ இன்னும் சிக்கலானது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. 2021-இல் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பொருளாதாரத் தடை விதித்தன. ஆகவே ‘போன மாசம் வந்த பர்மா கட்டை’ என்று ஒருவர் காட்டினால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். ஒன்று அது பர்மா மரமே இல்லை, வேறு நாட்டுத் தோட்டத் தேக்கு. அல்லது தடையை மீறி வந்தது. முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் ஏற்றுமதி ஆர்டர் போகும்.

இறக்குமதி மரத்துக்கு இனப்பெயரைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மரம் இறங்கும்போது ஏற்றுமதி செய்த நாட்டின் தாவர நலச் சான்றிதழ் கூடவே வரும். அதில் தாவரவியல் பெயர் எழுதியிருக்க வேண்டும். விற்பவரிடம் அதன் நகல், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு), பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறையில் தாக்கல் செய்த இறக்குமதி ஆவணம்), கட்டை வாரியான அளவுப் பட்டியல் ஆகிய நான்கையும் கேளுங்கள். நான்கிலும் கன்டெய்னர் எண்ணும் நாடும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தூத்துக்குடியில் இறங்கும் சரக்கு கடலில் இருக்கும்போதே கைமாறுவது வழக்கம். அப்படிக் கைமாறினால் முதல் வாங்கியவர் பெயரும் உங்களுக்கு விற்பவர் பெயரும் வேறாக இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் இடையில் நடந்த விற்பனை ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்கிவைக்க வேண்டும். ‘அதெல்லாம் இறக்குமதி பண்ணவர்கிட்ட இருக்கு’ என்ற பதிலோடு திரும்பி வந்தால் அந்த லோடுக்கு மூலம் இல்லை என்று அர்த்தம்.

ஏற்றுமதி செய்த துறைமுகத்தை மரம் வெட்டிய நாடாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு நாட்டில் வெட்டி, பக்கத்து நாட்டில் அறுத்து, மூன்றாவது நாட்டில் கப்பல் ஏற்றுவது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. வெட்டிய நாடு எது என்று தனியாக, எழுத்தில் கேளுங்கள்.

தாளை முடித்துவிட்டு மரத்திடம் போங்கள். கட்டையின் வெட்டுமுகத்தில் எண் பொறித்த பிளாஸ்டிக் பட்டையோ பெயின்ட் எண்ணோ இருக்கும். லோடில் 10 கட்டையை நீங்களே தேர்ந்தெடுத்து, எண்ணையும் நீளத்தையும் சுற்றளவையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விற்பவர் காட்டும் கட்டையை மட்டும் அளக்காதீர்கள். அறுக்கத் தொடங்கியதும் முதலில் தொலைவது அந்த எண்தான். எனவே மில்லில் இறக்கும்போதே லோடு எண் கொடுத்து, அறுத்த ஒவ்வொரு பலகைக் கட்டின் முனையிலும் மெழுகுக் கிரேயானால் எழுதச் சொல்லுங்கள். இதைச் செய்யாத பட்டறையில் மற்ற எந்தப் பதிவேடும் பயன்படாது.

இனத்தில் சந்தேகம் வந்தால், வெட்டுமுகத்தைக் கூர்மையான பிளேடால் ஒரு சீவு சீவி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். தேக்கில் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசையாக நிற்கும், புதிதாகச் சீவினால் தோல் பதனிட்டது போன்ற வாசமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் ஊறப்போட்டு வெளிச்சத்தில் பிடித்தால் நீலச் சாயல் தெரியும். ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த வெளிநாட்டு மரங்களில் சிலவும் இப்படிச் செய்யும், ஆகவே இது முடிவான சோதனை அல்ல. பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வைரப்பகுதியோடு கூடிய துண்டை அனுப்புங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இனத்தைக் கண்டறிந்து அறிக்கை தருகிறார்கள்.

அளவில்தான் திருட்டு மரம் கலக்கிறது

தாளெல்லாம் சரியாக இருந்தும் மரம் சரியில்லாமல் போவது இந்த இடத்தில்தான். 100 கன மீட்டருக்குச் சுத்தமான தாள் வைத்திருப்பவர் அதைக் காட்டி 150 கன மீட்டர் விற்றால், மிச்சம் 50 எங்கிருந்தோ வந்தது. ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்த்தால் பிடிபடாது.

நம் ஊரில் கட்டையை அளப்பது கால்சுற்று முறையில். நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அடியில் எடுத்த நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. ஆனால் அந்த உருளையின் உண்மையான கன அளவு 12.7 கன அடி. கால்சுற்று முறை உண்மை அளவில் 78.5 விழுக்காட்டை மட்டுமே காட்டும். அறுக்கும்போது வீணாவதைக் கழிக்கப் பழைய காலத்தில் வந்த வழக்கம் இது.

வம்பு எங்கே வருகிறது என்றால், வெளிநாட்டு இன்வாய்ஸில் ‘கன மீட்டர்’ என்று மட்டும் இருக்கும். அது கால்சுற்றில் போட்டதா, உண்மை அளவா என்று இருக்காது. 18 கன மீட்டர் கால்சுற்றுக் கணக்கு என்றால் உண்மையில் உள்ளது ஏறத்தாழ 22.9 கன மீட்டர். இந்த 27 விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் வேறு மரத்தைத் தாராளமாக நுழைக்கலாம். எனவே கொள்முதல் ஆணையிலேயே எந்த முறை என்று எழுதுங்கள், பதிவேட்டிலும் ஒரே முறையில் வைத்திருங்கள். மாற்றக் கணக்கு: 1 கன மீட்டர் = 35.3 கன அடி. ஒரு ஹாப்பஸ் டன் = 50 கால்சுற்றுக் கன அடி = சுமார் 1.8 கன மீட்டர்.

அறுத்த மரத்துக்கு எடையை வைத்து ஒரு சோதனை செய்யலாம். உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் இருக்கும். 20 கன மீட்டர் என்றால் 13 டன். ஓரளவு ஈரம் இருந்தால் 15 டன் வரை போகலாம். பில் ஆஃப் லேடிங்கில் 19 டன் என்று இருந்தால், ஒன்று அளவு அதிகம், இல்லை அது தேக்கைவிடக் கனமான வேறு மரம். இந்தக் கணக்குக்கு ஐந்து நிமிடம் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிறகு உங்கள் சொந்தக் கணக்கு. உருட்டுக் கட்டையிலிருந்து அறுத்த மரம் பாதியிலிருந்து 60 விழுக்காடு வரை கிடைக்கும். கோணல், பொத்து, வெள்ளைப் பகுதி அதிகம் உள்ள இளம் தேக்கில் இன்னும் குறையும். மூன்று லோடு அறுக்கும்போது உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து உங்கள் மில்லின் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். மாதக் கடைசியில் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, கடைசி இருப்பு ஆகியவற்றை அந்த விகிதத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு சப்ளையர் 100 கன மீட்டர் கட்டையின் தாளைக் காட்டி 85 கன மீட்டர் பலகை விற்கிறார் என்றால், அவர் மில் அதிசய மில் என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து ஊர் மரம்

உள்ளூர் மரத்தில் மூலம் கண்டுபிடிப்பது சுலபம். நிலத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம். விவசாயியிடம் நேரடியாக வாங்கும்போது பட்டா, சிட்டா, மரம் குறிப்பிடப்பட்ட அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று ஆகியவற்றின் நகலை வாங்குங்கள். வெட்டிய பிறகு அடிமரத்தைச் சர்வே எண் தெரியும்படி இருப்பிடத்தோடு படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தப் படம் பின்னால் கைகொடுக்கும்.

எல்லா மரத்துக்கும் ஒரே விதி இல்லை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சந்தனம், ஈட்டி, செம்மரம் ஆகியவற்றை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்காமல் தொடவே கூடாது. கொண்டுபோக எந்த இனத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு விலக்கு என்பதையும் வன அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநில எல்லையைத் தாண்டும் மரத்துக்கு 2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய தேசியப் போக்குவரத்து அனுமதி இணையதளத்தில் க்யூ.ஆர். குறியோடு சீட்டு எடுக்கலாம். வண்டி வந்ததும் அந்தக் குறியை ஸ்கேன் செய்து வண்டி எண், இனம், அளவு, தேதி நான்கையும் பாருங்கள். பழைய சீட்டை வைத்து இரண்டாவது நடை ஓட்டுவதுதான் இதில் வழக்கமான தில்லுமுல்லு. தேதியும் நேரமும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அரசு வழியில் வாங்க விரும்பினால் வனத்துறை ஏலமும் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகம். ரப்பர் மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால் வற்றி, மறுநடவுக்காக எப்படியும் வெட்டப்போகிற மரம் என்பதால் காட்டுக்கு இதைவிடச் சுமை குறைந்த சாமான் மரம் கிடைப்பது அரிது. ஆனால் மாவுச்சத்து நிறைய இருப்பதால் வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சையும் துளைப்பூச்சியும் பிடித்துவிடும். இரண்டு மூன்று நாளுக்குள் அறுத்து, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை வெற்றிட அழுத்தத் தொட்டியில் ஏற்றி, சூளையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்த வேண்டும். ‘ரப்பர் மரம் தாங்காது’ என்று ஆசாரிகள் சொல்வது இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாத மரத்தைப் பார்த்துத்தான். மழை படும் இடத்துக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே பதப்படுத்தினாலும் நிற்காது, போரான் நீரில் கரைந்து வெளியேறிவிடும்.

ஆண்டு முழுக்க மரம் தேவைப்படும் அலகுகள் விவசாயிகளோடு திரும்ப வாங்கும் ஒப்பந்தம் போடலாம். சவுக்கு 3 முதல் 5 ஆண்டில், மலைவேம்பு பிளைவுட்டுக்கு 6 முதல் 8 ஆண்டில் வெட்டுக்கு வரும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலும் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்திலும் நல்ல ரகக் கன்று பற்றிக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலையையும், வெட்டுக்கூலி, வண்டிக்கூலி யார் பொறுப்பு என்பதையும் எழுதாமல் விட்டால், அறுவடை நேரத்தில் விவசாயி வேறு வியாபாரியிடம் போய்விடுவார். போனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிளைவுட்டில் மேல்தாளைப் பாருங்கள்

ஒரு பிளைவுட்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ரப்பர், தைல மரம், பாப்லர் மாதிரித் தோட்ட மரம். பிரச்சினை மேலே ஒட்டிய மெல்லிய தாளில். கர்ஜன் என்றால் மியான்மர், லாவோஸ் பக்கத்து இயற்கைக் காடு. ஒகூமே என்றால் காபோன். ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலை முத்திரை பலகையின் தரத்தையும் பசையையும் பற்றிச் சொல்கிறது, மரத்தின் மூலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மைக்கா ஒட்டி மறைக்கப்போகிற இடத்துக்குக் கர்ஜன் மேல்தாள் கேட்பது வீண். தோட்ட மரத்தாலேயே மேல்தாள் போட்ட பலகை கேளுங்கள், விலையும் குறையும்.

அதே மாதிரிக் குழப்பம் பேலட்டிலும் உண்டு. ஏற்றுமதிப் பேலட்டில் இருக்கும் கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. (HT) எழுத்தும், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றாயிற்று என்பதற்கு மட்டுமே சாட்சி.

சான்றிதழை வாசிக்கும் விதம்

பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்கும் அவற்றின் மரத்துக்கும் சான்று தரும் சர்வதேசத் திட்டங்களில் முக்கியமானவை இரண்டு: எஃப்.எஸ்.சி. 1993-இல் தொடங்கியது, பி.இ.எஃப்.சி. 1999-இல். இரண்டும் காட்டுக்கு ஒரு சான்றிதழ், காட்டிலிருந்து கடை வரை கைமாறும் சங்கிலிக்கு இன்னொரு சான்றிதழ் என்று தருகின்றன. 2023 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் இந்திய வன, மரச் சான்றிதழ் திட்டத்தை அறிவித்திருக்கிறது.

சப்ளையர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் பலரும் செய்யும் பிழை. சான்றிதழ் வைத்திருப்பவர் சான்றில்லாத மரத்தையும் விற்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது உங்கள் பெயருக்கு வந்த இன்வாய்ஸை. அதில் இரண்டு இருக்க வேண்டும்: சப்ளையரின் சங்கிலிச் சான்றிதழ் எண், அந்தப் பொருளுக்கு நேராக ‘எஃப்.எஸ்.சி. 100%’ அல்லது ‘எஃப்.எஸ்.சி. மிக்ஸ்’ போன்ற உரிமைக் குறிப்பு. இரண்டில் ஒன்று இல்லையென்றால் நீங்கள் வாங்கியது சாதாரண மரம்தான், கூடுதல் விலை கொடுத்திருந்தாலும்.

அந்த எண்ணை எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தேடல் தளத்தில் போடுங்கள். சான்று நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டதா என்று தெரியும். அதோடு நிற்காமல் பொருள் வகை, இனப் பட்டியலையும் திறந்து பாருங்கள். பைனுக்கு மட்டும் சான்று வாங்கியவர் தேக்கை அந்த எண்ணில் விற்பது நடக்கிறது. இடையில் சான்றில்லாத ஒரு வியாபாரி மரத்தைச் சொந்தமாக்கிக் கைமாற்றினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

நீங்களே சான்று வாங்க வேண்டுமா? வாங்குபவர் கேட்காதவரை அவசரம் இல்லை என்பதே எங்கள் கருத்து. மேலே சொன்ன பதிவேடு ஓராண்டு ஒழுங்காக ஓடிய பிறகு விண்ணப்பித்தால் தணிக்கை சிரமமாக இருக்காது. தணிக்கையில் கேட்பது இவைதான்: பொறுப்பாளர் ஒருவர், எழுதிய நடைமுறை, பணியாளருக்குக் கொடுத்த பயிற்சியின் பதிவு, சான்றுள்ள மரத்தைத் தனியாக அடுக்கிய இடம், ஆண்டு அளவுக் கணக்கு, ஐந்து ஆண்டு ஆவணம். சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும், இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. சிறு பட்டறைகள் நாலைந்து பேர் சேர்ந்து குழுச் சான்று எடுத்தால் செலவு பங்காகும். பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் வெளி ஜாப் ஒர்க். பாலிஷுக்கோ கடைசலுக்கோ வெளியே அனுப்பினால் அவரோடும் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அவர் இடத்திலும் மரம் கலக்கக் கூடாது.

கடல் தாண்டிப் போகும் சரக்கு

ஈட்டி, சீசம் உட்பட டால்பெர்ஜியா பேரினம் கிட்டத்தட்ட முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சீசம் கைவினைப் பொருளுக்கு எடை வரம்போடு சலுகை உண்டு, அதற்கான விருட்சச் சான்றைக் கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு தருகிறது. ஆப்பிரிக்கப் படாக், டூசி, ஆப்பிரிக்க மஹோகனி ஆகியவை 2023 பிப்ரவரியில் அதே பட்டியலில் சேர்ந்தன. படாக் வாங்குகிற நம் கடைகளில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. ஏற்றுமதி செய்த நாட்டின் சைட்டிஸ் அனுமதி எண் இல்லாத படாக் லோடைத் தொடாதீர்கள்.

சட்டவிரோதமாக எடுத்த உயிரினங்களின் வணிகத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டம் 2008 திருத்தத்துக்குப் பிறகு மரத்துக்கும் பொருந்தும். இனத்தின் அறிவியல் பெயர், வெட்டிய நாடு, அளவு, மதிப்பு ஆகியவற்றை அங்குள்ள இறக்குமதியாளர் அறிவிக்க வேண்டும். உங்களிடம் கேட்டுத்தான் எழுதுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு காடழிப்பு ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்து மரம் கூடாது, மரம் வெட்டிய நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக் கோடு முழுவதையும் தர வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது என்பதால் உங்களுக்குப் பொருந்தும் தேதியை வாங்குபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் தரவைச் சேர்ப்பதை அதுவரை தள்ளிப்போட வேண்டாம், வெட்டி முடித்த மரத்துக்கு இருப்பிடத்தைப் பின்னால் தேட முடியாது.

பழைய மரம்

செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது வரும் தூணும் உத்திரமும் காரைக்குடிச் சந்தையில் கிடைக்கின்றன. வைரம் பாய்ந்த மரம், புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் புது மரத்தைப் பழையது என்று விற்பதும் இதே வழியில்தான். ஆணித் துளையைப் பாருங்கள்: பல்லாண்டு இரும்பு ஆணி இருந்த துளையைச் சுற்றி நீலக் கருமை உள்ளே வரை ஊறியிருக்கும். மேலே மட்டும் கறுப்பு பூசியிருந்தால் ஒரு சீவலில் வெளுத்துவிடும். எந்த ஊர், எந்த வீடு, எப்போது இடித்தது என்ற கடிதத்தையும் இடிக்குமுன் எடுத்த படத்தையும் வாங்குங்கள். அறுக்குமுன் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை ஓட்டாவிட்டால் ஒரு முறிந்த ஆணி ரம்பப் பட்டையைக் கெடுத்துவிடும்.

விறகு

தேயிலைத் தொழிற்சாலை, சாயப்பட்டறை, செங்கல் சூளை நடத்துவோர் பலர் தங்களை மரம் வாங்குபவர்களாக நினைப்பதே இல்லை. டன் கணக்கில் பார்த்தால் பல மரச்சாமான் பட்டறைகளை இவர்களே மிஞ்சுவார்கள். சீமைக்கருவேலம், தென்னை மட்டை, தோட்டத்தில் கழித்த மரம் ஆகியவற்றுக்கு மாறுவது முதல் வேலை. இரண்டாவது வேலை உலர்த்துவது. 50 விழுக்காடு ஈரமுள்ள விறகைவிட 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு வெப்பம் தரும். உலர்ந்தால் எடையும் குறையும், அதைக் கழித்தாலும் ஒரே மரத்தை உலர்த்தி எரித்தால் குறைந்தது பத்தில் ஒரு பங்கு மரம் மிச்சம். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்தால் போதும். தார்ப்பாயால் முழுக்க மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எடைக்கு வாங்கும்போது ஈரமானி வைத்து அளந்து, ஈரத்துக்கு ஏற்ப விலையைக் குறைக்கும் அட்டவணை ஒன்று போடுங்கள். தண்ணீருக்குப் பணம் கொடுப்பது அன்றோடு நிற்கும்.

காட்டுக்கே பணம் கொடுக்க விரும்பினால்

சமூகப் பொறுப்புச் செலவைப் பற்றிய 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள் அந்தப் பணத்தைச் சுற்றுச்சூழல் பணிக்குச் செலவிடலாம். ஆனால் வழக்கமான தொழில் நடவடிக்கை அந்தக் கணக்கில் வராது. சான்றுள்ள மரத்துக்குக் கொடுத்த கூடுதல் விலையைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது.

எங்கே நடுகிறோம் என்பதில்தான் நல்ல பணம் வீணாகிறது. நீலகிரியின் சோலைப் புல்வெளியில் மரம் நட்டால் அது காட்டுக்கு எதிரான வேலை. ஏற்கெனவே அங்கே சீகையும் தைல மரமும் நட்டதன் விளைவை இப்போது அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். முதுமலையில் மஞ்சள் கொன்றையும் உண்ணிச் செடியும் மான், யானை மேயும் இடத்தை மூடிக்கொண்டிருக்கின்றன. அங்கே தேவை நடுவதைவிட அகற்றுவதுதான். மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகிதக் கூழுக்கு எடுக்கும் வேலையைத் தமிழ்நாடு காகித ஆலை செய்கிறது. உண்ணிச் செடியில் பழங்குடி மக்கள் செய்யும் நாற்காலி, மேசையை உங்கள் வரவேற்பறைக்கு வாங்கினால் அகற்றும் கூலிக்கும் அது உதவும். தேன், நெல்லி போன்ற சிறு வனப்பொருள் வாங்குவதானால் 2006 வன உரிமைச் சட்டப்படி அதன் உரிமை கிராம சபையைச் சேர்ந்த பழங்குடியினருக்கும் மற்ற வனவாசிகளுக்கும் உண்டு என்பதை மறக்காமல் அவர்களிடமிருந்தே வாங்குங்கள்.

நடத்தான் வேண்டும் என்றால் ஊர்ப் பொதுநிலம், குளக்கரை, விவசாய நிலத்தின் வரப்பு ஆகியவற்றில் நடுங்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் நட்டால் முதல் மூன்று மாதம் தண்ணீர்ச் செலவு மிச்சம். பணம் எல்லாவற்றையும் நடும் நாளில் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் தொகையைப் பிரித்து எழுதுங்கள்: நட்டதும் மூன்றில் ஒரு பங்கு, முதல் கோடை தாண்டி எண்ணிப் பார்த்ததும் ஒரு பங்கு, மூன்றாம் ஆண்டு உயிரோடு இருக்கும் கன்றை எண்ணிய பிறகு மீதி. எண்ணுவது நட்டவராக இருக்கக் கூடாது.